நாற்பத்தொரு டப்பா விளக்குமீன்

என் மனைவி ஆறு ஆண்டுகள் சேர்த்து வைத்த மீன்களை நான் ஒரே பிற்பகலில் கெடுத்தேன். கெடுத்ததை மறைக்க இன்னொரு நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்தேன். பிறகு பதினோரு மாதம் வாய் திறக்கவில்லை. எழுபத்து மூன்று வயதில் இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் முதலில் படிக்கப் போகிறவள் அவள்தான். நடந்ததை அழகுபடுத்தினால் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் நடந்தது நடந்தபடி.

அந்த மீன் என் நடுவிரல் நீளம் இருந்தால் அதிகம். பெரிய கண், மொட்டை மூஞ்சி. கடலில் வெளிச்சம் எட்டாத ஆழத்தில் பகலைக் கழித்துவிட்டு, இருட்டியதும் மேலே ஏறி வந்து இரை தேடும். வயிற்றோரமும் பக்கவாட்டிலும் பொட்டுப் பொட்டாக ஒளி தரும் உறுப்புகள் உண்டு. எந்தப் பொட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எந்த இனம் என்று பிரிப்பார்களாம். அதன் அறிவியல் பெயரின் முன்பாதி டயாஃபஸ். பின்பாதியை என் மனைவி சொன்னால் ஒரு பெண்குழந்தையின் பெயர் போல இருக்கும். நான் சொன்னால் பூச்சிமருந்து போல இருக்கும். வீட்டில் விளக்குமீன் என்றே வைத்துக்கொண்டோம்.

நாமக்கல்லிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க அரைநாள் ஆகும். ஆனால் கடல் எங்கள் ஊருக்கு லாரியில் வந்துகொண்டிருந்தது. நான் வேதியியல் படித்தவன். மோகனூர் சாலையில் ஒரு கோழித் தீவன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் முதலாளி விடவில்லை. வாரம் மூன்று நாள் போய்க்கொண்டிருந்தேன். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, கருவாடு, எல்லாம் என் மேசைக்கு வந்துதான் உள்ளே போகும். கருவாடு என்றால் வீட்டில் குழம்பு வைக்கும் கருவாடு இல்லை. இறாலுக்குப் போட்ட வலையில் கூடவே வந்து மாட்டி, மனிதர் தின்ன ஆகாது என்று ஒதுக்கிய பொடிமீன். அதைக் கரையில் கொட்டிக் காயவைத்து மூட்டை கட்டி அனுப்புவார்கள். சங்காயம் என்று பெயர். எங்களுக்குத் தூத்துக்குடியிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வரும். மணல் எவ்வளவு, உப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு. ஒரு மீனிடம் நான் கேட்ட கேள்விகள் இவ்வளவுதான். அதற்குப் பெயர் இருக்கும் என்றே நினைத்ததில்லை.

சாம்பிள் எடுக்கும் முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். லோடு வந்தால் பத்து மூட்டைக்கு ஒன்றை அவிழ்த்து ஒவ்வொரு கை அள்ளுவோம். எல்லாவற்றையும் ஒரு தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, கூம்பாகக் குவித்து, தோசை போலத் தட்டி, மேலே ஒரு கூட்டல் குறி கிழித்து நாலு பங்காக்குவோம். எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மீதி இரண்டை மறுபடி கலந்து, மறுபடி நாலாக்கி, அரைக்கிலோவுக்குக் கொண்டுவருவோம். அந்த அரைக்கிலோதான் லாரி முழுவதற்கும் சாட்சி. மாதக் கடைசியில் எல்லா லோடின் சாட்சியையும் இதே மாதிரி கலந்து ஒரே மாதச் சாம்பிளாக்கி அலமாரியில் வைப்போம். கலக்கக் கலக்க உண்மை நெருங்கும் என்பது என் தொழிலின் அடிப்படை. அதில் எனக்கு ஒரு பக்தியே இருந்தது.

அவள் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள். ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் பேச்சைக் கேட்டு மூன்று மாதம் சிரித்தாள். "நாய்க்குக்கூட 'போங்க'ன்னு சொல்ற ஊர்ல நான் எப்படிங்க சண்டை போடறது?" என்பாள். நான் அவளை அம்மிணி என்று கூப்பிடுவேன். அதை மட்டும் திருத்தச் சொல்லவில்லை.

அவள் ஓய்வு பெற்ற வருடம், ஒரு சாம்பிள் பை என் ஸ்கூட்டர் பெட்டியிலேயே தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாற்றம் தாங்காமல் பெட்டியைத் திறந்தவள் பையோடு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் குளித்துவிட்டு வந்தால் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் கருவாட்டைப் பரப்பி வைத்திருந்தாள்.

"என்னங்க, இதை எங்கேர்ந்து புடிச்சீங்க?"

"நா எங்க புடிச்சேன்? மூட்டைல வந்துதுங் அம்மிணி. கோழிக்கு."

"கோழிக்கா? இது நூறு பனைமர ஆழத்துல இருக்கறதுங்க. பாடம் நடத்தறப்போ படத்துல காட்டுவேன். நானே நேர்ல பார்த்ததில்லை."

"கோழிக்கு அந்த ஆழமெல்லாம் தெரியாதுங்க."

அவள் சிரிக்கவில்லை. காய்ந்து கருத்த ஒரு மீனைச் சன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் முத்து வைத்துத் தைத்த மாதிரி வெளுத்த பொட்டுகள் ஒரு வரிசை தெரிந்தன. முப்பது வருடம் அதை அரைத்துப் பொடியாக்கியிருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்கப் போனவள், கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்றோடு திரும்பினாள். துவரம்பருப்பை மறந்துவிட்டிருந்தாள். அந்த லென்ஸை இடது கண்ணில் மாட்டி, தையல் ஊசியால் மீனின் தலையைப் பிளந்து காதுக்கல்லை எடுப்பாள். மீனுக்குக் காதுக்குள் ஒரு வெள்ளைக் கல் உண்டு, கடுகளவு. அதன் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். கல் கிடைத்துவிட்டால், "வாங்க, வாங்க, வந்து பாருங்க" என்று கூப்பிடுவாள். நான் போய்ப் பார்ப்பேன். எனக்கு உடைந்த அரிசி போலத்தான் தெரியும். ஆனால் ஒரு கண்ணில் லென்ஸ் மாட்டி, இன்னொரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்க்கும் அந்த முகத்துக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். "ஆஹா, பிரமாதமுங்க" என்பேன். "பொய்" என்பாள்.

உலகத்து உயிரினங்களில் எது அழியும் நிலையில் இருக்கிறது, எது இல்லை என்று பட்டியல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இந்த மீன் எங்கே இருக்கிறது என்று அவள் கைப்பேசியில் தேடினாள். கவலை குறைந்தது என்ற பிரிவில் இருந்தது. பல கடல்களில் பரவியிருக்கிறது, இதற்கென்று யாரும் வலை போடுவதில்லை, பெரிய ஆபத்து எதுவும் தெரியவில்லை என்ற பொருளில் சில வரிகள். எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்ற இடத்தில் தெரியாது என்றிருந்தது.

"யாரும் வலை போடலைன்னா மூட்டைக்குள்ள எப்படி வந்துது? நடந்தா வந்துது?" என்றாள்.

"அப்ப இது அழிஞ்சுட்டு வருதுங்கறீங்களா அம்மிணி?"

"அதையும் சொல்லலைங்க. யாரும் எண்ணலைன்னு சொல்றேன். எண்ணாமலே கவலை இல்லைன்னு எழுதறதுக்கும், எண்ணிப் பார்த்துட்டு எழுதறதுக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா? நீங்க சோதனை பண்ணாம லாரியை உள்ள விடுவீங்களா?"

விடமாட்டேன். அவள் சொன்னதில் நான் முழுமையாகப் புரிந்துகொண்டது அந்தக் கடைசிக் கேள்வி ஒன்றைத்தான்.

கடற்கரை ஊர் ஒன்றில் மீன்வளம் ஆராயும் ஒரு அம்மையாரின் முகவரியை எப்படியோ பிடித்து எழுதினாள். பதில் வந்தது. எந்தத் துறைமுகம், எந்த மாதம் என்பது உறுதியாகத் தெரிந்தால், சில ஆண்டுகளுக்குத் தொடர்ந்து சேர்க்க முடிந்தால், இது மிகவும் பயன்படும். அடுத்த முறை இந்த இனத்தின் நிலையைப் பரிசீலிக்கும்போது எடுத்துக்காட்டலாம் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் பூஜை அலமாரியில் வைத்தாள். சாமி கும்பிடுவதற்காக இல்லை. எங்கள் வீட்டில் கரையான் வராத இடம் அது ஒன்றுதான்.

அப்படித்தான் டப்பாக்கள் ஆரம்பித்தன. மிட்டாய்க் கடையில் கேட்டு வாங்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள், சிவப்பு மூடி. ஒரு லோடுக்கு ஒரு டப்பா. உள்ளே விளக்குமீன் மட்டும், ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. வெளியே அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: துறைமுகம், லாரி கிளம்பிய தேதி, ஆலைக்கு வந்த தேதி. கிடங்கில் மூட்டை பிரிக்கும் அக்கா ஒருத்தர் இதில் என்னைவிட ஆர்வமாகிவிட்டார். லோடு இறங்கும்போதே ஆய்வுக்கூட வாசலுக்கு வந்து நிற்பார்.

"சார், டீச்சரம்மா மீனு வந்திருக்குதுங்."

"எப்படிங் கண்டுபுடிச்சீங்க?"

"கண்ணு முழிச்சுட்டே செத்திருக்குமுங்களே. டீச்சரம்மாகிட்ட சொல்லுங், எனக்கும் ஒரு மார்க்கு போடோணுமுன்னு."

பிறகு ஆலையில் எனக்கே மீன்டீச்சர் ஊட்டுக்காரர் என்று பெயராகிவிட்டது. பிடித்திருந்தது. வேலை முடிந்து வரும்போது பூ வாங்கி வருவதுபோல நான் கருவாடு கொண்டுவந்தேன். அவள் வாசலிலேயே கை நீட்டி வாங்கினாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதைவிட நல்ல ஆறு வருடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒன்று மட்டும் அவள் செய்யவில்லை. மீன்களை அளக்கவில்லை. எல்லாம் சேர்ந்த பிறகு ஒரே கையால், ஒரே ஸ்கேலால், ஒரே மூச்சில் அளக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு நீட்டினால் கை மாறும், கண் மாறும் என்பாள். ஒரு மாதம் உட்கார்ந்து அளக்கலாம் என்றிருந்தபோது பெங்களூரில் எங்கள் மகளுக்குப் பிரசவம். மூன்று மாதம் அங்கே போய்விட்டாள். அலமாரியில் நாற்பத்தொரு டப்பா இருந்தது.

அவள் போன ஐந்தாவது வாரம், ஒரு டப்பாவுக்குள் பழுப்பு நிறத்தில் சிறு வண்டுகள் ஊர்வதைப் பார்த்தேன். கருவாட்டு வண்டு. ஆலையில் எத்தனையோ லோடைத் திருப்பி அனுப்ப வைத்த வண்டு. இன்னொரு டப்பாவைத் திறந்தேன், அதிலும் இருந்தது. பதறிவிட்டேன். அப்போதே அவளுக்கு ஒரு போன் போட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. குழந்தையோடு இருப்பவளை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது: அவள் திரும்பி வரும்போது எல்லாம் சுத்தமாக, ஒழுங்காக இருக்க வேண்டும், பார்த்து அவள் மகிழ வேண்டும். இதில் பொய் இல்லை.

மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்து நாற்பத்தொரு டப்பாவையும் கொட்டினேன். ஒன்றாக. தனித்தனியாகக் கொட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை. என் கைக்கு அது தெரியாது. முப்பது வருடமாகத் தார்ப்பாயில் கொட்டினால் கலக்கத்தான் தெரியும். வெயிலில் காயவைத்து, சல்லடையில் சலித்து வண்டைப் பிரித்தேன். சின்னக் குன்று போலக் குவித்தேன். தட்டினேன். கூட்டல் குறி கிழித்தேன். இத்தனையை அந்த அம்மையாருக்கு எப்படி அனுப்புவாள், தபால் செலவே எவ்வளவு ஆகும், நல்ல சாம்பிள் ஒன்று இருந்தால் போதாதா என்று ஓடியது புத்தி. எதிரெதிர் இரண்டு பங்கை அள்ளித் தென்னங்குழியில் கொட்டி மண் தள்ளினேன். மீதியை ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் அடைத்தேன். சீட்டுகளை எறியவில்லை, தேதி வரிசையில் அடுக்கி கிளிப் போட்டு வைத்தேன். ஆறு வருடத்தின் சராசரி ஒரு ஜாடியில். தொழிலில் அதைவிடச் சுத்தமான வேலை நான் செய்ததில்லை. அன்று இரவு திருப்தியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அவளே கூப்பிட்டாள். பின்னால் பேத்தி அழுதுகொண்டிருந்தது.

"என்னங்க, படுத்துட்டே யோசிச்சேன். தூத்துக்குடி மீன் வருஷா வருஷம் சின்னதாயிட்டு வர்ற மாதிரி எனக்கு ஒரு சந்தேகம். கொல்லம் மீன் அப்படியேதான் இருக்கு. கண்ணால பார்த்ததுதான். அளந்தாத்தான் நிச்சயமா சொல்ல முடியும். அது மட்டும் உண்மையா இருந்தா, சும்மா விடற விஷயமில்லைங்க. பெருசெல்லாம் வலையில போயிடுச்சுன்னு அர்த்தம்."

ஜாடி என் எதிரில் மேசைமேல் இருந்தது.

"டப்பாவெல்லாம் பத்திரமா இருக்கில்ல?"

"இருக்குதுங் அம்மிணி," என்றேன்.

அந்த ஒரு சொல்தான். அதற்கு முன் நடந்தது தவறு. அதிலிருந்து நடந்தது எல்லாம் வேறு. போனை வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். எந்த மீன் எந்தத் துறைமுகம் என்று அந்த ஜாடிக்குள் இனி ஒருவராலும் சொல்ல முடியாது. நான் அவளுக்காகச் சேர்த்த சராசரியில் அவளுடைய கேள்வி முழுக்கக் கரைந்துபோயிருந்தது.

டப்பாக்களைக் கழுவித் துடைத்தேன். சீட்டுகளை மறுபடி ஒட்டினேன். ஜாடியைக் கவிழ்த்து, இருந்த பாதி மீன்களை நாற்பத்தொன்றாகப் பிரித்தேன். இதுவரை கோழைத்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்துச் செய்ததற்கு அந்தச் சொல்லும் பொருந்தாது. பெரிய மீன்களைப் பொறுக்கிக் கொல்லத்து டப்பாக்களில் போட்டேன். சிறியதைத் தூத்துக்குடிக்கு. அதிலும் பழைய சீட்டுக்குக் கொஞ்சம் பெரியது, புதிய சீட்டுக்கு இன்னும் சிறியது. அவள் எதைப் பார்க்க எதிர்பார்க்கிறாளோ அது கிடைத்தால் சந்தேகப்பட மாட்டாள் என்று தெரிந்தே செய்தேன். அந்த வேலை இருட்டும் வரை நடந்தது. மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுக்கியது நினைவிருக்கிறது.

அவள் வந்தாள். டப்பாக்களில் மீன் குறைந்திருப்பதைப் பார்த்தாள். "வண்டு தின்னுடுச்சுங் அம்மிணி, சலிச்சு வெச்சேன்," என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லைன்னா எல்லாமே போயிருக்கும்," என்றாள்.

மூன்று வாரம் அளந்தாள். காலையில் காபி குடித்ததும் உட்காருவாள். அவள் எண்ணைச் சொல்வாள். நான் நோட்டில் எழுதுவேன். ஆமாம், எழுதியதும் நான்தான். நாள் ஆக ஆக அவள் குரல் மாறியது. தூத்துக்குடி டப்பா ஒன்றை முடித்துவிட்டு, "பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" என்பாள். அறுபத்து ஆறு வயதுக்காரி, பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி எழுந்து கூடத்தில் நடப்பாள். நான் மகிழ்ச்சி காட்டினேன். அது மட்டும் நன்றாக வந்தது. நாற்பது வருடப் பழக்கம்.

அந்த அம்மையாருக்கு நோட்டின் நகலும் டப்பாக்களும் போயின. சில மாதங்கள் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்து, மீன் சிறுத்து வருவதை இவ்வளவு தெளிவாகத் தாங்களே பார்த்ததில்லை என்றார். ஆய்வுக் குறிப்பாக எழுதி, இனத்தின் நிலையைப் பரிசீலிப்பவர்களுக்கு அனுப்பப் போவதாகவும், என் மனைவியின் பெயரும் அதில் இருக்கும் என்றும் சொன்னார். அதற்கு முன் தங்கள் கூட்டத்துக்கு வந்து அவளே பேச வேண்டும் என்றார். என் மனைவி போனைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்து வாயசைத்தாள்: "பேசணுமாம்."

பேசுவதற்குப் புடவை எடுக்க இளம்பிள்ளைக்குப் போனோம். தறிக்காரர் வீட்டு முன்னறையில் பாய் விரித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்கள். ஒரு நீலத்தையும் ஒரு அரக்கையும் மடியில் வைத்துக்கொண்டு, "எது எடுக்கட்டும்? மேடையில தூரத்துல இருந்து பார்க்கறவங்களுக்கு எது தெரியும்?" என்று கேட்டாள்.

தறிக்காரரின் மனைவி, "ரெண்டுமே எடுங்க சாமி, ஐயாதானே குடுக்கறாரு," என்று சிரித்தார்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். உடம்புக்கு என்னவோ என்று அவள் பின்னாலேயே வந்தாள். தெருவில் தறிச் சத்தம். இந்தச் சத்தத்தில் சொன்னால் அவளுக்குப் பாதி கேட்காது என்று நினைத்தேனோ என்னவோ, அங்கேயே சொன்னேன். வண்டு, தார்ப்பாய், தென்னங்குழி, சீட்டு, எல்லாம். பெரிது சிறிது என்று பிரித்ததையும். அவளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.



"ஒரு டப்பாகூட அப்படியே இல்லையா?"

"இல்லீங்."

"கலந்தீங்களே, அது உங்க வேலைப் பழக்கம். அதை நான் புரிஞ்சுக்குவேன். எனக்கும் நாப்பது வருஷமா உங்களைத் தெரியும். பெருசு சின்னதுன்னு பிரிச்சீங்க பாருங்க..." என்று நிறுத்தினாள். "மூணு வாரம் நான் மீனை அளக்கலை. உங்க பொய்யைத்தான் ஸ்கேல் வெச்சு அளந்துட்டிருந்திருக்கேன்."

உள்ளே போய், "இப்ப வேண்டாங்க, இன்னொரு நாள் வரோம்," என்று சொல்லிவிட்டு வந்தாள். பேருந்து நிறுத்தத்தில் வேப்பமரத்தடியில் நின்றோம். கைப்பேசியை எடுத்து அந்த அம்மையாரின் எண்ணைப் போட்டு என் கையில் கொடுத்தாள். "நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

சொன்னேன். ஒன்று விடாமல் எல்லா டப்பாவுமா என்று கேட்டார். பிறகு, "நல்லவேளை, இன்னும் அனுப்பவில்லை சார். குறிப்பை நிறுத்திவிடுகிறேன். மேடமிடம் கொடுங்கள்," என்றார். என் மனைவி வாங்கி, "மன்னிச்சுக்கங்கம்மா. உங்க நேரத்தையெல்லாம் வீணடிச்சுட்டோம்," என்றாள். வீணடிச்சுட்டோம் என்று சொன்னாள். அவள் எதையும் வீணடிக்கவில்லை. அந்த ஒரு சொல்லில் தானும் பாதியை எடுத்துக்கொண்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கடைக்குப் போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தேன். அவள் வாங்கிக் குடித்தாள்.

அந்தக் குறிப்பு எழுதப்படவில்லை. கூட்டத்திலும் அவள் பேசவில்லை. பட்டியலில் அந்த மீன் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கவலை குறைந்தது என்று. அதைப் பற்றி யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நம்பக்கூடிய கணக்கு கையில் கிடைத்தால்தானே மாற்றுவார்கள்.

திரும்ப முதலிலிருந்து தொடங்கலாம் என்றால், அதற்குள் ஆலை சங்காயத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. சோயாவே போதும் என்று முதலாளி முடிவு செய்தார். கருவாட்டில் கிருமித் தொல்லை, மணல் தொல்லை. எப்போதாவது ஒரு லோடு வந்தால் உண்டு. ஆக, அந்த ஆறு வருடங்களில் தூத்துக்குடிக் கடலின் ஆழத்தில் அந்த மீனுக்கு என்ன நடந்தது என்று சொல்ல எங்கள் அலமாரியில் மட்டும் ஒரு சாட்சி இருந்தது, இனி இல்லை. என்னை உறுத்துவது இதுதான்: அவளுடைய சந்தேகம் சரியாகவே இருந்திருக்கலாம். நான் பொய்யாக அடுக்கிக் காட்டியது உண்மையிலேயே நடந்திருக்கலாம். அதை இனி அவளும் சொல்ல முடியாது, மற்றவர்களும் சொல்ல முடியாது.

அவள் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாப்பாடு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், பேத்தி வீடியோவில் வந்தால் கூப்பிட்டுக் காட்டினாள். லென்ஸை மட்டும் வெளியே எடுக்கவில்லை. நாலு மாதம் கழித்து ஒரு காலை, செய்தித்தாளிலிருந்து நிமிராமல், "தூத்துக்குடிக்கு ரயில்ல டிக்கெட் பாருங்க," என்றாள். "ரெண்டு பேருக்கா?" என்று கேட்டேன். "பக்கெட் யாரு தூக்கறது?" என்றாள்.

இதுவரை மூன்று முறை போய்வந்திருக்கிறோம். ஆழ்கடல் இறாலுக்குப் போய்ப் பல நாள் தங்கித் திரும்பும் படகு எது, எந்தக் காலையில் வரும் என்று விசாரித்து வைத்துக்கொள்வாள். முதல் முறை, மீன்பிடித் துறைமுகத் தளத்தில் கொட்டிய கழிவுக் குவியலில் குனிந்து அவள் ஒரு விளக்குமீனை எடுத்தாள். ஈரமாக அவள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. செதில் பாதி உரிந்திருந்தாலும் மீதி நீலவெள்ளியாக மின்னியது. உள்ளங்கையில் வைத்து வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

படகில் வேலை செய்பவர் ஒருவர் வலையை இழுத்தபடி வேடிக்கை பார்த்தார்.

"ஏம்மா, இதைப் போயி எதுக்கு எடுக்கீய? கொழம்புக்கு ஆவாது. பூரா முள்ளு."

"அளக்கறதுக்குங்க."

"அளந்து?"

"எழுதி வெப்போம்."

"எழுதி?"

"எழுதி வெச்சுட்டு அடுத்த வருஷமும் வந்து அளப்போம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "எந்த ஊருய்யா நீங்க?"

"நாமக்கல்லுங்க."

"கோழி ஊரா! இந்தச் சங்காயம் பூரா அங்கதான போச்சு. அங்கேயே எடுத்துருக்கலாமே, இம்புட்டு தூரம் வந்து கஷ்டப்படுதீயளே."

"எடுத்தோமுங்க. ஆறு வருசம் ஊட்ல சேத்து வெச்சிருந்தாங்க. நாந்தான் எல்லாத்தையுங் கலந்து கெடுத்துப் போட்டனுங்க."

அவருக்கு என்ன புரிந்ததோ, "சரித்தான்" என்று தலையாட்டிவிட்டு வலையைப் பார்க்கப் போனார். என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"பக்கெட் மூடியைப் புடிங்க. ஈ உக்காருது," என்றாள்.

பிடித்தேன். அவள் ஸ்கேலைத் துடைத்துவிட்டு அளக்க ஆரம்பித்தாள். எண்ணை அவளே சொல்லி, நோட்டிலும் அவளே எழுதிக்கொண்டாள்.